பாங்காக் போகும் மகளுக்கு: கைச்செலவுப் பணம் பற்றி

அன்புள்ள கண்மணிக்கு,

பாங்காக்கில் மூன்று நாள், தெற்கே கடற்கரை ஊரான கிராபியில் மூன்று நாள் என்று எழுதியிருந்தாய். விமானத்துக்கும் ஓட்டலுக்கும் பணம் கட்டியாயிற்று என்பதால் இனி கைச்செலவுதான் பாக்கி. உனக்கும் மாப்பிள்ளைக்கும் சேர்த்து நாளுக்கு 3,000 பாட் (தாய்லாந்துப் பணம்) என்று வைத்தால் ஆறு நாளுக்கு 18,000. இதை நோட்டாகவே கொண்டுபோங்கள், கார்டு துணைக்கு இருக்கட்டும். தெருக்கடைச் சாப்பாடு, டுக்-டுக் ஆட்டோ, கிராபியில் தீவுக்குப் போகும் நீளவால் படகு எல்லாம் அங்கே ரொக்கத்தில்தான் ஓடுகிறது. கடைக்குக் கடை கியூஆர் அட்டை இருக்கும். அது பெரும்பாலும் அந்த ஊர் வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கானது, நம் யுபிஐயை நம்பி அதன் முன் போய் நிற்காதே.

பணம் எங்கே வீணாகிறது என்பதைத் தெரிந்துகொள். டாலர், பாட் வாங்கும்போது போடும் ஜிஎஸ்டி அற்பம். 50,000 ரூபாய்க்கு 90 ரூபாய்தான் வரும். நஷ்டமெல்லாம் விலையில் ஒளிந்திருக்கிறது. இணையத்தில் ஒரு பாட் 2.60 ரூபாய் என்று காட்டும் நாளில் கடைக்காரர் 2.75 கேட்டால், நூற்றுக்குக் கிட்டத்தட்ட ஆறு ரூபாய் அங்கேயே போயிற்று. "கமிஷன் இல்லை" என்ற பலகையைப் பார்க்காதே, இந்த வித்தியாசத்தைப் பார். இந்தியாவில் பாட்டுக்கு வியாபாரம் குறைவு, அதனால் வைக்கும் லாபம் அதிகம். டாலருக்குப் போட்டி இருப்பதால் லாபம் குறைவு. எனவே இங்கே டாலர் வாங்கி அங்கே பாட்டாக மாற்று. இரண்டு முறை மாற்றினாலும் பெரும்பாலும் இதுவே மலிவாக முடியும். ஆனாலும் வாங்குகிற அன்று இரண்டு வழியையும் கூட்டிப் பார்த்துவிடு. ரூபாயை எடுத்துப்போய் அங்கே மாற்றலாம் என்று நினைக்காதே, பெரும்பாலும் விலை மோசமாக இருக்கும்.

ஐந்து 100 டாலர் நோட்டும் 2,000 பாட்டும் வாங்கு. டாலருக்கு 33 பாட் என்று கணக்குக்கு வைத்தால் மொத்தம் 18,500 வரும். அந்த 2,000 பாட்டை 100, 500 நோட்டுகளாகக் கேள், இறங்கியதும் டாக்சிக்கு ஆகும். டாலரை 10, 20 நோட்டுகளாக வாங்காதே. பாங்காக் கடைகளில் சின்ன நோட்டுக்குக் குறைந்த விலைதான் தருவார்கள், பலகையிலேயே தனித்தனியாக எழுதியிருக்கும். நடுவில் நீலப் பட்டை உள்ள புதிய 100 டாலராகப் பார்த்து வாங்கு. பேனாக் கிறுக்கல், ரப்பர் ஸ்டாம்ப், பின் குத்திய ஓட்டை, ஓரக் கிழிசல் எது இருந்தாலும் கவுன்டரிலேயே மாற்றித் தரச் சொல். இங்கே "பரவாயில்லை, செல்லும்" என்று கொடுக்கும் நோட்டை அங்கே திருப்பித் தள்ளிவிடுவார்கள்.

வாங்கப் போகும்போது பாஸ்போர்ட், டிக்கெட், பான் கார்டு கையில் இருக்கட்டும். பயணத்துக்கு 60 நாளுக்குள் வாங்கலாம். தொகை 50,000 ரூபாயை எட்டினால் ரொக்கம் வாங்க மாட்டார்கள், உன் கணக்கிலிருந்து அனுப்ப வேண்டும். பில்லைப் பத்திரமாக வை. விமான நிலையக் கவுன்டரில் வாங்கலாம் என்று கடைசி நாள்வரை தள்ளாதே, அங்கேதான் விலை அதிகம்.

பாங்காக்கில் ராட்சதம்ரி சாலைப் பக்கம் 'சூப்பர் ரிச்' என்ற பெயரில் பச்சைப் பலகை, ஆரஞ்சுப் பலகை என இரண்டு வெவ்வேறு நிறுவனங்கள் உண்டு, இரண்டிலும் நல்ல விலை கிடைக்கும். சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்கினால் அடித்தளத்தில், ரயில் ஏறும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள கவுன்டர்களைப் பார். மேல்தளத்தில் வங்கிகள் தரும் விலையைவிட அங்கே நன்றாக இருக்கும். மாற்ற பாஸ்போர்ட் கேட்பார்கள். கிராபி கடற்கரை மாற்றுக் கடைகளில் டாலருக்குத் தரும் விலை குறைவு, அதனால் அங்கே ஆகும் செலவுக்கும் பாங்காக்கிலேயே மாற்றிக்கொள்.

ஏடிஎம் விஷயம் கவனமாகப் படி. வெளிநாட்டுக் கார்டுக்கு அங்குள்ள ஏடிஎம் ஒவ்வொரு தடவையும் 220 பாட் அளவில் பிடிக்கும். 2,000 எடுத்தால் அது நூற்றுக்கு 11. அதுவே 20,000 எடுத்தால் நூற்றுக்கு 1.1. இதற்கு மேல் நம் வங்கியின் மார்க்கப், அதாவது வெளிநாட்டுப் பணத்தில் செலவழித்தால் வங்கி கூட்டிப் போடும் கட்டணம், இருக்கிறது. 3.5 சதவீதம் என்றால் ஜிஎஸ்டியோடு 4.13. கட்டாயம் வந்தால் ஒரே தடவையில் பெரிய தொகையாக எடு. திரையில் "ரூபாயில் கணக்கிடட்டுமா" என்ற பொருளில் கேள்வி வரும், வேண்டாம் என்று அழுத்து. வேண்டாம் என்றால் பணமே வராதோ என்று பயந்துதான் பலர் சரி என்று அழுத்திவிடுகிறார்கள். பணம் வரும், நம் வங்கி விலையில் வரும். கடையில் கார்டு தேய்க்கும்போதும் இதே கேள்வி வரும், பாட்டிலேயே போடச் சொல். சில இயந்திரங்களில் பணம் முதலில் வந்து கார்டு பிறகு வரும். பணத்தை எண்ணிக்கொண்டே நகர்ந்துவிடாதே.

கார்டு இரண்டு வேண்டும், இருவேறு வங்கியில், விசா அல்லது மாஸ்டர்கார்டாக. மார்க்கப் இல்லாத கார்டு ஒன்று கிடைத்தால் அதையே முதலில் நீட்டு. வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியிருக்கும், இங்கிருந்து கிளம்பும் முன்பே திறந்து வரம்பும் போட்டுவிடு. ஓடிபி வர நம் சிம்மில் ரோமிங் இருக்கட்டும். ஓட்டலில் முன்பணம் பிடித்துவைக்கக் கேட்டால் கிரெடிட் கார்டைக் கொடு. டெபிட் கார்டைக் கொடுத்தால் உன் சொந்தப் பணமே பல நாள் முடங்கும். வெளிநாட்டுப் பணத்தை முன்பே ஏற்றிவைக்கும் ஃபாரெக்ஸ் கார்டு எடுப்பதென்றால் பாட்டையே ஏற்றக்கூடியதாக எடு. டாலரை ஏற்றிவிட்டுப் பாட்டில் செலவழித்தால் ஒவ்வொரு தடவையும் நாணயம் மாற்றும் கட்டணம் பிடிப்பார்கள். ஆறு நாளுக்கு அது தேவையில்லை என்பதே என் எண்ணம்.

அன்றன்றைய பணம் பர்ஸில், மீதி ஓட்டல் லாக்கரில். உன்னிடம் ஒரு கார்டு, மாப்பிள்ளையிடம் ஒரு கார்டு. 1,000 பாட் நோட்டுக்கு டாக்சிக்காரர்களிடம் சில்லறை இராது, செவன் இலெவன் கடையில் தண்ணீர் வாங்கிச் சில்லறையாக்கிக்கொள். எல்லா நோட்டிலும் அரசர் படம் உண்டு. காற்றில் பறந்தாலும் காலால் மிதித்து நிறுத்தாதே, அரசரை அவமதிப்பது அங்கே சிறைக்குரிய குற்றம். காசு காலில் பட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நமக்கு இது புதிதில்லை.

மிஞ்சும் நாணயங்களை அங்கேயே செலவழித்துவிடு, மாற்றுக் கடையில் வாங்க மாட்டார்கள். டாலர் நோட்டு மிஞ்சினால் அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம், 2,000 டாலர் வரை அனுமதி உண்டு. அதற்கு மேல் இருந்தால்தான் திரும்பிய 180 நாளுக்குள் வங்கியில் கொடுக்க வேண்டும்.

இரண்டு வங்கிகளும் கார்டை முடக்கத் தரும் வெளிநாட்டு அழைப்பு எண்களையும், ஒவ்வொரு கார்டின் கடைசி நான்கு இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதி பாஸ்போர்ட் நகலோடு வை. போன் தொலைந்தால் அந்தத் தாள்தான் உதவும். இன்னொரு பிரதி எனக்கும் அனுப்பு, பூஜை அலமாரியில் வைத்திருக்கிறேன். எந்நேரமானாலும் கூப்பிடு.

அன்புடன்,
அம்மா