பொருள்: சீரமைப்பில் பாழான சவரக்கத்தி – கட்டணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

பெறுநர்: மேலாளர், கத்திச் சீரமைப்புப் பிரிவு

ஐயா,

துருப்பிடித்த பழைய மடக்குச் சவரக்கத்தி ஒன்றைத் துரு நீக்கித் தீட்டித் தருமாறு உங்களுக்கு அனுப்பியிருந்தேன். கண்ணாடிபோல் பளபளவென்று வந்து சேர்ந்திருக்கிறது. முகத்தில்தான் வைக்க முடியவில்லை.

முனையில் 12 மி.மீ. அளவுக்கு நீலம் பாய்ந்திருக்கிறது. மெருகேற்றும் பஃபிங் சக்கரத்தில் அழுத்திப் பிடித்தால் மெல்லிய வாய் (வெட்டும் விளிம்பு) நொடியில் கடுஞ்சூடாகிவிடும். நீலம் தெரிந்தால் எஃகு ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டது, அங்கே பதம் (எஃகின் கடினம்) போய்விட்டது என்று அர்த்தம். நிறத்தை மட்டும் தேய்த்து எடுத்துவிடலாம், பதம் திரும்பாது. எண்ணெய் விட்டு ஊறவைத்து, 400-ஆம் எண்ணில் தொடங்கி 2000 வரை (எண் கூடக் கூட நயம்) வாட்டர் பேப்பரால் கையாலேயே தேய்க்கிற வேலை இது.

அதைவிட மோசம் முதுகு. சவரக்கத்தியைத் தீட்டும்போது முதுகும் வாயும் சேர்ந்தே கல்லில் படிகின்றன. கோணத்தைத் தீர்மானிப்பது முதுகின் தடிமன்தான். வாயிலிருந்து முதுகு வரை 16 மி.மீ. உள்ள இந்தக் கத்தியில் முதுகு 4.6 மி.மீ. இருந்தது. இப்போது 3.7. அதாவது 16 டிகிரிக்கு மேல் இருந்த கோணம் 13-க்கு இறங்கிவிட்டது. இவ்வளவு மெலிந்த வாய் தாங்காது, சில்லு சில்லாக உதிரும். முதுகில் கல் பட்டுத் தேய்ந்த பட்டையின் அகலமும் ஒரு பக்கம் 1 மி.மீ., மறுபக்கம் 3 மி.மீ. கல்லைச் சமப்படுத்தாமலோ, ஒரு பக்கமே அழுத்தியோ தேய்த்திருக்கிறார்கள்.

“முதுகில் டேப் ஒட்டித் தீட்டுங்கள்” என்றார் உங்கள் ஊழியர். 0.15 மி.மீ. இன்சுலேஷன் டேப்பை முதுகின் இரு பக்கமும் மூடுமாறு மூன்று அடுக்கு ஒட்டினால்தான் பழைய தடிமன் வரும். ஒவ்வொரு முறை தீட்டும்போதும் அப்படியே ஒட்ட வேண்டும். தீட்டுவதற்கு முன்பு நீங்கள் ஒரு அடுக்கு ஒட்டியிருந்தால் முதுகு தேய்ந்தே இருக்காது.

10 மடங்கு லென்ஸில் பார்த்தால் வாயின் மேலேயே இரண்டு கருப்புத் துருக்குழிகள். சொரசொரப்பான 1000-ஆம் எண் கல்லில் குழி மறையும்வரை வாயைத் தேய்த்துப் பின்னுக்குக் கொண்டுவராமல், நேரே நயமான 8000-ஆம் எண் கல்லுக்குப் போனதன் விளைவு. குழி ஆழம், சீரமைக்க இயலாது என்று முதலிலேயே திருப்பி அனுப்பியிருந்தால் குறையே சொல்லியிருக்க மாட்டேன்.

மறுபடி பாலிஷ் செய்து தருவதாகச் சொன்னதை ஏற்க இயலாது. தேய்ப்பதற்கு இனி இரும்பு இல்லை. கட்டணம் முழுவதையும், இரு வழி அஞ்சல் செலவையும் 15 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். அனுப்புமுன் எடுத்த படங்களும் இப்போதைய அளவுகளும் இணைப்பில் உள்ளன.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்