ஸ்கோர்ஷீட்டைக் கொஞ்சம் வாங்கிப் பாருங்கள்

சென்னையில் பிள்ளைகளுக்கு செஸ் சொல்லிக்கொடுக்கும் கோச்சுகளுக்கு,

வணக்கம். என் மகளுக்கு 11 வயது. வாரம் மூன்று வகுப்பு. இரண்டில் ஓப்பனிங் என்னும் தொடக்க நகர்த்தல்கள், ஒன்றில் டாக்டிக்ஸ் என்னும் காய் வெட்டும் உத்திகள். வீட்டுப்பாடம் தினமும் 40 பசில். சிசிலியன் என்ற ஓப்பனிங்கைப் பதினைந்து நகர்த்தல் வரை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பாள். போன மாதம் ஒரு போட்டியில் இவளிடம் யானை மட்டும், எதிராளியிடம் யானையும் ஒரு சிப்பாயும். டிரா ஆகவேண்டிய ஆட்டம். தோற்றுவிட்டாள்.

இந்த மாதிரி ஆட்டத்தை டிரா செய்ய உதவும் பிலிடோர் நிலையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சிப்பாய்க்கு முன்னால் நம் ராஜா, எதிராளியின் ராஜா ஏறிவராதபடி குறுக்கே வரிசையை அடைத்து நம் யானை. சிப்பாய் அந்த வரிசைக்கு வந்துவிட்டால் யானையைக் கோடிக்குக் கொண்டுபோய்ப் பின்னாலிருந்து செக் மேல் செக். அரை மணி நேரப் பாடம். இரண்டு வருடத்தில் அந்தப் பாடம் அவளுக்கு நடக்கவேயில்லை.

அந்த ஆட்டத்தின் நகர்த்தல்களை எழுதிய ஸ்கோர்ஷீட்டை வகுப்புக்கு எடுத்துப்போனாள். "இன்ஜினில் போட்டுப் பார்" என்று பதில் வந்தது. அந்த செஸ் கம்ப்யூட்டர் புரோகிராமில் போட்டாள். "தப்புன்னு சொல்லுதுப்பா, ஏன்னு சொல்ல மாட்டேங்குது" என்றாள். எனக்கும் தெரியவில்லை. நான் தெருமுனை ஆட்டக்காரன்.

பசில் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பசில் என்று கையில் கொடுத்தாலே பாதி விடையைச் சொன்ன மாதிரிதான்: இங்கே ஏதோ இருக்கிறது, தேடு. ஆட்டத்தில் அப்படி யாரும் மணியடித்துச் சொல்வதில்லை. ஒன்றுமே இல்லாத நிலையில் எந்தக் காயை எங்கே வைப்பது என்று பத்து நிமிடம் உட்கார்ந்து யோசிக்கும் பழக்கம் எந்த வீட்டுப்பாடத்திலும் இல்லை. வகுப்பு முடிந்ததும் மிஞ்சிய நேரத்துக்கு பிளிட்ஸ், சில நிமிடங்களில் முடியும் வேக ஆட்டம். அது ஜாலி, சரி. போட்டியில் கடிகாரத்தில் ஒன்றரை மணி நேரம் இருக்க, இவள் இருபதே நிமிடத்தில் ஆடி முடித்துவிட்டு எழுந்து வருகிறாள்.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன்ஷிப்பின் பதினான்காவது ஆட்டம். குகேஷிடம் ஒரு சிப்பாய் அதிகம், அவ்வளவுதான். 55ஆவது நகர்த்தலில் டிங் லிரென் யானைகளை வெட்டிக்கொள்ள வழிவிட்டார். அவருடைய மந்திரி மூலையில் கிடந்ததால் அதுவும் கூடவே போயிற்று. மிஞ்சியது ராஜாக்களும் சிப்பாய்களும். 58ஆவது நகர்த்தலோடு தோல்வியை ஒப்புக்கொண்டார். நம் பிள்ளைகள் துள்ளிக் குதித்த அந்த இடம் மனப்பாடம் செய்த ஓப்பனிங்கில் வந்ததல்ல. குகேஷின் கோச் விஷ்ணு பிரசன்னா வெகுகாலம் அவரை இன்ஜின் பக்கமே விடவில்லை என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

எங்கள் மேலும் தப்பு உண்டு. "இந்த மாசம் ரேட்டிங் எவ்வளவு ஏறிச்சு?" என்று வாசலில் நின்று கேட்பவர்கள் நாங்கள்தான். ஓப்பனிங் பாடத்தின் பலன் அடுத்த ஞாயிறே கண்ணுக்குத் தெரிகிறது. எண்ட்கேம் என்னும் ஆட்டத்தின் கடைசிக்கட்டப் பாடத்துக்கு ஒரு வருடம் பொறுக்க வேண்டும். அந்தப் பொறுமை எங்களிடம் இல்லை என்று நினைத்துத்தான் நீங்களும் அப்படியே நடத்துகிறீர்களோ என்னவோ. நான் பொறுக்கத் தயார்.

மூன்று வகுப்பில் ஒன்றைப் பிள்ளைகள் ஆடிய ஆட்டங்களுக்கே ஒதுக்குங்கள். எந்த இடத்தில் என்ன நினைத்து ஆடினாய் என்று முதலில் அவர்களைச் சொல்லவிடுங்கள். பிறகு நீங்கள். இன்ஜின் கடைசியில். ஓப்பனிங்குக்கு ஒரு வகுப்பு தாராளம்.

வரும் சனிக்கிழமை அவள் பையில் கடைசி ஐந்து ஸ்கோர்ஷீட்டுகள் இருக்கும். நாலு தோல்வி, ஒரு டிரா.

இப்படிக்கு,
ஓர் அப்பா