செயலாளரின் ஆண்டறிக்கை 2025–2026: கோள்களைப் படமெடுத்த ஓராண்டு

தலைவர் அவர்களே, செயலவை நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2025 மார்ச் முதல் 2026 பிப்ரவரி இறுதி வரையிலான நம் பினாங்கு வானியல் ஆர்வலர் சங்க நடவடிக்கைகளை இங்கே வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். செயலவைக் கூட்டங்கள் முறைப்படி நடந்தன. கூட்டக் குறிப்பேடு மேசைமேல் இருக்கிறது, வேண்டியவர்கள் புரட்டிப் பார்க்கலாம். சங்கப் பதிவிலாகாவுக்குப் போக வேண்டிய படிவங்கள் போய்விட்டன. சரி, இனி வானத்துக்கு வருவோம்.

சனி இந்த முறை நமக்குப் போக்குக் காட்டியது. 2025 மார்ச் 23 அன்று அதன் வளையங்கள் பூமிக்கு விளிம்பைக் காட்டி நின்றன. ஆனால் அப்போது சனி சூரியனை ஒட்டியே இருந்ததால் படமெடுக்க வழியில்லை. வளையம் மெலிந்திருக்கும் இப்படிப்பட்ட ஆண்டுகளில்தான் டைட்டன் நிலவின் நிழல் சனியின் முகத்தில் கரும்புள்ளியாக ஊர்ந்து போகும். அக்டோபர் தொடக்கம் வரை பதினாறு நாளுக்கு ஒரு தடவை அது நடந்தது. அத்தனையும் நமக்குப் பகல் நேரத்தில். அமெரிக்காவில் இருப்பவர்கள் எடுத்த படங்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டதுதான் மிச்சம். செப்டம்பர் 21 அன்று சனி சூரியனுக்கு நேரெதிரே வந்து இரவு முழுதும் தெரிய வேண்டியபோது, பினாங்கில் மழைக்காலம். தொலைநோக்கியைத் தூக்கி வெளியே வைப்பதும், தூறல் விழுந்ததும் தார்ப்பாயோடு ஓடுவதுமாகவே பல இரவுகள் கழிந்தன.

நவம்பரில் வளையம் மறுபடி மெலிந்து, சாய்வு அரை பாகைக்கும் கீழே இறங்கியது. அந்த மாதம் ஒரு தமிழ்ப்பள்ளித் திடலில் மாணவர்களுக்கு வானம் காட்டும் இரவு நடத்தினோம். பாடநூலில் அகலமான வளையத்தோடு சனியைப் பார்த்துப் பழகிய பிள்ளைகள், "வளையம் எங்க சார்?" என்று வரிசையாகக் கேட்டார்கள். பதில் சொல்லியே நம்மவர்களுக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஒரு மாணவி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. நோட்டில் ஒரு வட்டம் போட்டாள், அதன் நடுவே ஸ்கேல் வைத்து இருபக்கமும் நீளும்படி ஒரு கோடு இழுத்தாள். அன்றைய சனி அச்சு அசல் அப்படித்தான் இருந்தது. இதே போன்ற காட்சி அடுத்து 2038இல்தான் வரும்.

செப்டம்பர் 8 விடியற்காலை முழுச் சந்திர கிரகணம், ஆகஸ்ட் 12 அதிகாலையில் வெள்ளியும் வியாழனும் ஒரு பாகைக்குள் நெருங்கிய காட்சி ஆகியவற்றுக்கு உறுப்பினர்கள் அவரவர் வசதிப்படி பாலிக் பூலாவுக்கும் பட்டர்வொர்த் கடற்கரைக்கும் போனார்கள். படங்கள் ஆல்பத்தில் உள்ளன. செவ்வாய் சூரியனுக்கு எதிரே வராததால் அதற்கு இது ஓய்வாண்டு.

இந்த ஆண்டின் நாயகன் வியாழன். 2026 ஜனவரி 10 அன்று அது மிதுன ராசியில் சூரியனுக்கு நேரெதிரே நின்றது. ஜனவரி, பிப்ரவரி நமக்கு வறண்ட மாதங்கள். நாம் நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்தரை பாகைக்குள் இருப்பதால், வியாழன் உச்சிக்கு வரும்போது வடக்கே எழுபது பாகைக்கு மேல் நின்றது. அவ்வளவு உயரத்தில் காற்று மண்டலம் வண்ணங்களைப் பெரிதாகப் பிரிக்காது. ஐரோப்பாவில் தாழ்வான கோளைப் படமெடுப்பவர்கள் அதற்கென்றே தனியாக ஒரு திருத்தக் கருவி வாங்குகிறார்கள். நமக்கு அந்தச் செலவு மிச்சம். குளிர்நாட்டுக்காரர்களை வாட்டும் ஜெட் காற்றோட்டமும் நம் தலைக்கு மேல் அரிது. பிலிப்பைன்ஸின் செபு நகரத்தில் இருக்கும் கிறிஸ்டோபர் கோ, 2006 பிப்ரவரியில் வியாழனின் வெள்ளைப் புயல் ஒன்று சிவந்திருப்பதை முதலில் கவனித்தவர். அவர் இருப்பதும் நம்மைப் போன்ற நெரிசலான, வெளிச்சம் நிறைந்த, வெக்கையான ஊர்தான். கோள்கள் பிரகாசமானவை, தெருவிளக்கு அவற்றை ஒன்றும் செய்யாது. ஜார்ஜ்டவுன் நடுவிலிருந்தே எடுக்கலாம். "ஊருக்கு வெளியே நிலம் இல்லையே" என்று சொல்லிச் சங்கத்தில் சேரத் தயங்குகிறவர்களுக்கு இதைத் தயவுசெய்து எடுத்துச் சொல்லுங்கள்.

கெடுப்பது வெளிச்சமல்ல, சூடு. பகலெல்லாம் வெயில் குடித்த சிமெண்டுத் தரை நள்ளிரவு வரை சூட்டைக் கக்குகிறது. பக்கத்து வீட்டு ஏர்கோன் வெளியே ஊதும் காற்றும் அப்படித்தான். ஒரே இரவில், ஒரே தாமானில் (குடியிருப்புப் பகுதியில்), கார் நிறுத்தும் இடத்தில் ஒரு தொலைநோக்கியும் புல்திடலில் ஒன்றும் வைத்துப் பார்த்தோம். புல்லில் வைத்ததில் வியாழனின் பெருஞ்சிவப்புப் புள்ளி என்ற புயலின் விளிம்பு அசையாமல் நின்றது. சிமெண்டில் வைத்ததில் அது கடைசி வரை நெளிந்துகொண்டே இருந்தது. புதிய கேமராவுக்கு முன் புல்தரை தேடுங்கள் என்பது என் கருத்து. தலைவருக்கு இதில் முழு உடன்பாடு இல்லை, அவர் புதுக் கேமரா வாங்கிவிட்டார்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு தொல்லை, தொலைநோக்கியைத் தாங்கி வானத்தின் சுழற்சிக்கு ஏற்பத் திருப்பும் மவுண்ட். துருவ நட்சத்திரம் நமக்கு ஐந்து பாகை உயரத்தில், கட்டடங்களுக்கும் புகைமூட்டத்துக்கும் பின்னால் இருக்கிறது. அதைப் பார்த்து மவுண்டைச் சரிசெய்வது நடக்காத காரியம். போதாததற்கு, கடையில் வாங்கும் பல மவுண்டுகள் இவ்வளவு தாழ்வான அட்சரேகைக்கு இறங்கவே மாட்டேன் என்கின்றன. இறங்கினாலும் எதிர்எடைக் கம்பி முக்காலியின் காலில் முட்டுகிறது. புக்கிட் மெர்தாஜாம் உறுப்பினர் ஒருவர் முக்காலியின் தெற்குக் காலுக்கு அடியில் பலகை கொடுத்து ஒட்டுமொத்தமாகச் சாய்த்து இதைச் சமாளித்தார். தலைக்கு மேல் உள்ள கோளைப் பிடிக்க டாப்சோனியன் (மேலும் கீழும், பக்கவாட்டிலும் கையால் திருப்பும் தொலைநோக்கி) வைத்திருப்பவர்கள் படும் பாடு வேறு. உச்சியில் அதைத் திருப்பவே முடியாது, அரை மணி நேரம் பொறுத்திருந்து எடுப்பதே நல்லது.

பட்டறைகளில் அதிகம் பேர் வந்தது படங்களைச் செம்மைப்படுத்தும் வகுப்புக்கு. ஃபயர்கேப்சர் என்ற படப்பதிவு மென்பொருளில் ஒரு பிரேம் பத்து மில்லிசெகண்ட் வீதம் இரண்டு நிமிடம் எடுத்தால் 12,000 பிரேம்கள். 640க்கு 480 அளவில் அது மூன்றரை ஜிபியைத் தாண்டும். மடிக்கணினியில் இடம் இல்லாமல் பாதியிலேயே நின்ற உறுப்பினர்கள் சிலர். வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிடுவதால், இரண்டு நிமிடத்துக்கு மேல் நீட்டினால் நுணுக்கங்கள் இழுபடும். அப்புறம் ஆட்டோஸ்டாக்கர்ட் மென்பொருள், அரிசியில் கல் பொறுக்குவது போல் நல்ல பிரேம்களைப் பிரித்து அடுக்கும். எத்தனை விழுக்காடு வைத்துக்கொள்வது என்பதில் ஆளுக்கொரு கணக்கு. காற்று அமைதியான இரவில் பாதி வரை வைக்கலாம், மோசமான இரவில் பத்து கூட அதிகம். படத்தைக் கூர்மையாக்கும் ரெஜிஸ்டாக்ஸ் மென்பொருளின் வேவ்லெட் பட்டைகளை இழுக்கும்போது கோளின் ஓரத்தில் வெள்ளை வளையம் எழும்பினால் அதற்கு முன்னாலேயே நிறுத்தியிருக்க வேண்டும். பட்டறையில் நான் திரும்பத் திரும்பச் சொன்னது இது ஒன்றுதான்.

இதை ஒட்டியே இந்த ஆண்டின் பெரிய வாக்குவாதமும் வந்தது. தைப்பூசத்துக்கு முன் நடந்த சங்கக் கண்காட்சியில் ஒரு வியாழன் படம் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. மூத்த உறுப்பினர் ஒருவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "தம்பி, இது வியாழனா, கம்ப்யூட்டர் வரைஞ்சதா?" என்று கேட்டார். செயற்கை நுண்ணறிவு மென்பொருளால் கூர்மையாக்கிய படம் அது. எடுத்த தம்பி எதையும் மறைக்கவில்லை, கேட்டதும் சொல்லிவிட்டார். ஆனால் அத்தகைய மென்பொருள் இல்லாத நுணுக்கத்தையும் நம்பும்படியாகச் சேர்த்துவிடும் என்பதுதான் சிக்கல்.

தே தாரேக் தேநீர் பல சுற்று போன பிறகு செயலவை எடுத்த முடிவு: போட்டிக்கு வரும் ஒவ்வொரு படத்தோடும் குறைந்தது பத்து நிமிட இடைவெளியில் எடுத்த இரண்டாவது பதிவும் வர வேண்டும். பத்து நிமிடத்தில் வியாழன் ஆறு பாகை திரும்பும். உண்மையான புயலும் பட்டையும் அதே அளவு நகர்ந்து இரண்டிலும் தெரியும். மென்பொருள் கற்பனையாகச் சேர்த்தது அப்படி நகராது. கோளின் சுழற்சியைக் கணக்கிடும் வின்ஜூபோஸ் மென்பொருளில் போட்டால் யாருக்கும் தெளிவாகிவிடும். இந்த விதியை இன்றைய கூட்டம் உறுதிசெய்ய வேண்டுகிறேன். அழகு போய்விடும் என்று எதிர்ப்பவர்கள் உண்டு. கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் நம் கொல்லையில் விழுந்த ஒளி நம்முடையதாக இருக்கட்டும் என்பது என் நிலை.

பிப்ரவரி 1, தைப்பூச இரவு, தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் சாலையோரம் தொலைநோக்கி வைத்தோம். நிலவுக்கு மேற்கே வியாழன் நின்றது. காவடி பார்க்க வந்த கூட்டம் அதன் நான்கு பெரிய நிலவுகளையும் எட்டிப் பார்த்துவிட்டு நடந்தது. ஓர் அம்மா கைகூப்பிக் கும்பிட்டுவிட்டுப் பிறகுதான் கண்ணை வைத்தார்.

சங்கத்தின் எட்டு அங்குலத் தொலைநோக்கியின் முன்கண்ணாடியில் பூஞ்சணம் படர ஆரம்பித்திருக்கிறது. இரவல் வாங்குகிறவர்கள் பனி ஈரத்தோடு பையில் போட்டு மூடுவதே காரணம். இனி வெளியே காயவைத்து, ஈரம் உறிஞ்சும் பெட்டியில் வைத்துத்தான் திருப்பித் தர வேண்டும். புதிய பெட்டி வாங்கும் தீர்மானம் நிகழ்ச்சிநிரலில் உள்ளது.

வரும் ஆண்டில் 2026 அக்டோபர் 4 அன்று சனி, 2027 பிப்ரவரியில் வியாழனும் சுமார் ஒன்பது நாள் கழித்துச் செவ்வாயும் சூரியனுக்கு எதிரே வருகின்றன. செவ்வாயின் தோற்ற அகலம் இம்முறை 14 வில்வினாடிக்கும் (ஒரு பாகையில் 3,600 வில்வினாடிகள்) குறைவுதான். பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம், ஆனால் பயிற்சிக்கு நல்லது. பிப்ரவரி இரவுகளுக்குப் புல்திடல் அனுமதி வாங்க இரண்டு பேர் தேவை. பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள்.

இவ்வறிக்கையை முன்மொழிந்து வழிமொழிந்து ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்