ஆறு வயதில் முளைக்கும் அந்த நான்கு பற்களுக்காக

மத்திய, ஊவா மாகாணச் சுகாதார அதிகாரிகளுக்கும் பாடசாலைப் பற்சிகிச்சைப் பிரிவினருக்கும்,

வணக்கம். ஹட்டனுக்கு அப்பால் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆரம்பப் பிரிவுக்குக் கற்பிக்கிறேன். எங்கள் பிள்ளைகளின் கடைவாய்ப் பற்களுக்குச் சொத்தை வராமல் தடுக்கும் பூச்சைப் பாடசாலைக்கே வந்து பூச வேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறேன். சென்ற தவணையில் தரம் 3 மாணவி ஒருத்தி, கணக்குப் பாடத்தின் நடுவே மேசையில் கன்னத்தை வைத்துப் படுத்துவிட்டாள். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். கீழ்க் கடைவாய்ப் பல்லின் நடுவில் ஒரு கராம்பு செருகியிருந்தது. காலையில் அப்பாயி வைத்துவிட்டாராம். கராம்பு நிற்கும் அளவுக்கு அங்கே குழி இருந்தது.

மறுநாள் அவளுடைய அம்மாவிடம் பேசினேன். "பால்பல்தானே டீச்சர், விழுந்து முளைத்துவிடும்" என்றார்.

அது பால்பல் அல்ல. ஆறு வயதளவில், பால்பற்களுக்குப் பின்னால், மேலே இரண்டும் கீழே இரண்டுமாகக் கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. அவற்றுக்கு இடம்விட எந்தப் பல்லும் விழுவதில்லை. அதனால் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. அறுபது வயதிலும் சோறு மெல்ல வேண்டிய பல், எட்டு வயதில் பூச்சி விழுந்து பிடுங்கப்படுகிறது. உங்களுக்கு இது தெரிந்த செய்தி. தோட்டத் தொழிலாளர் வாழும் எங்கள் லயன் வீடுகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

அந்தப் பற்களின் மேற்பரப்பைக் கைபேசி வெளிச்சத்தில் பார்த்தால், மலைச்சரிவில் வெட்டிய வடிகான்களைப் போல் நெருக்கமான பள்ளங்கள் தெரியும். பிரஷ்ஷின் ஒரு நார்கூட நுழையாத இடுக்குகள். சீனி போட்ட பிளேன்டீயும் பிஸ்கட்டும் அங்கேதான் தங்குகின்றன. போதாததற்கு, வடமத்தியப் பகுதியின் கிணறுகளில் மிதமிஞ்சிக் கிடக்கும் புளோரைட், அளவோடு இருந்தால் சொத்தையைத் தடுக்க உதவுவது, எங்கள் மலைநீரில் மிகக் குறைவு.

அந்தப் பள்ளங்களை மூடிவிடும் பூச்சுத்தான் சீலன்ட். பல்லைத் துடைத்து, அமிலக் களிம்பைச் சில விநாடிகள் வைத்துக் கழுவி, நன்றாக உலர்த்தி, திரவப் பிசினைப் பூசி, நீல ஒளியில் இறுகச் செய்கிறார்கள். ஊசியும் இல்லை, துளையிடுவதும் இல்லை. ஒரு பல்லுக்குச் சில நிமிடங்கள் போதும். பாதி முளைத்து ஈரம் காயாத பல்லுக்கு, ஈரத்தைத் தாங்கும் கிளாஸ் அயனோமர் என்ற வேறொரு பூச்சு இருக்கிறது. அமிலம் பட்ட எனாமலில், அதாவது பல்லின் கடினமான மேற்படலத்தில், பிசின் உறுதியாக ஒட்டும் என்பதை அமெரிக்கப் பல் மருத்துவர் மைக்கல் புவனோகோர் 1955 இலேயே காட்டிவிட்டார். பூசிய முதல் இரண்டு ஆண்டுகளில் கடைவாய்ப் பற்சொத்தையில் ஏறக்குறைய 80 வீதத்தை இது தடுக்கிறது என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையங்கள் சொல்கின்றன. பற்களின் இடைவெளிகளை இது காக்காது. பூச்சு பெயர்ந்தால் மீண்டும் பூச வேண்டும். பல் துலக்குவதும் நிற்கக்கூடாது. இவ்வளவையும் சேர்த்தே சொல்கிறேன்.

"ஆஸ்பத்திரிக்கு அழைத்து வாருங்கள்" என்பீர்கள். கொழுந்து பறிக்கும் தாய் பிள்ளையோடு பஸ் ஏறினால் அன்றைய பேர், அதாவது நாட்கூலி, போய்விடும். வலிக்காத பல்லுக்காக ஒரு நாள் பேரை இழக்க எந்த வீட்டாலும் முடியாது. வலி வந்த பிறகு சீலன்டுக்கு வேலை இல்லை. ஆகவே நீங்கள்தான் எங்களிடம் வர வேண்டும்.

வருவதற்கு வழியும் ஏற்கனவே இருக்கிறது. பாடசாலை மருத்துவப் பரிசோதனை தரம் 1, 4, 7, 10 மாணவர்களுக்கு நடக்கிறது. முதல் கடைவாய்ப் பல் தரம் 1, 2 இல் வருகிறது. இரண்டாவது, பன்னிரண்டு வயதில், தரம் 7 ஐ ஒட்டி வருகிறது. இதைவிடப் பொருத்தமாக யாரும் கணக்குப் போட்டிருக்க முடியாது. அந்த நாளிலேயே மகரகமையில் பயிற்சி பெற்ற பாடசாலைப் பற்சிகிச்சையாளர் ஒருவரைச் சீலன்ட் பொருட்களோடும் கையடக்க ஒளிக்கருவியோடும் அனுப்புங்கள். எல்லாத் தோட்டங்களுக்கும் ஒரே ஆண்டில் முடியாதென்றால், பற்சிகிச்சை நிலையத்துக்கு மிகத் தொலைவில் உள்ள பாடசாலைகளிலிருந்து தொடங்குங்கள். நகரத்துப் பிள்ளைக்கு வேறு வழி இருக்கிறது.

பெற்றோரின் சம்மதக் கடிதங்களை நாங்கள் வாங்கித் தருகிறோம். தொழிலாளர்கள் காலையில் வேலைக்குக் கூடும் பெரட்டுக்களத்தில் போய் நானே விளக்குவேன். எங்கள் நூலக அறையில் மின்சாரம் இருக்கிறது, வெளியே தண்ணீர்க் குழாய் இருக்கிறது, பிள்ளைகள் சாய்ந்துகொள்ள ஒரு நீண்ட பெஞ்சும் இருக்கிறது. கராம்பு வைத்திருந்த பிள்ளைக்கு இந்தப் பல் போய்விட்டது. அவளுடைய தம்பி இந்த ஆண்டு தரம் 1 இல் இருக்கிறான். நேற்றுப் பார்த்தேன், கீழே ஈறு பிளந்து வெள்ளை முனை தெரிகிறது. எந்த நாளில் வருகிறீர்கள் என்று அறிவியுங்கள்.

இப்படிக்கு,
தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருத்தி