வலு குறையாமல் வரும் கசிவு

அன்புள்ள மகளுக்கு,

மழையே இல்லாத நேரத்தில், செயற்கைக்கோள் சமிக்ஞையின் வலு சற்றும் குறையாதிருக்க, எதிர் முனைவாக்கத்தில் மட்டும் (முனைவாக்கம் என்பது அலை அதிரும் விதம்; ஒரே அதிர்வெண்ணில் வரும் இரு சமிக்ஞைகளைப் பிரித்து வைப்பது அதுதான்) கசிவு ஏறியதாகவும், ஆன்டெனாவில் அலையை வாங்கும் பகுதியான ஃபீடைக் கழற்றிப் பார்த்தும் குறை தென்படவில்லை என்றும் எழுதியிருந்தாய். ஃபீடைத் திரும்ப மாட்டிவிடு. நான் சந்தேகிப்பது மேகத்தின் உச்சியிலுள்ள பனிப்படிகங்களைத்தான்.

மழைத்துளி நுண்ணலையின் ஆற்றலை உறிஞ்சுவதால், வலு இறங்குவதைக் கொண்டே அதை அடையாளம் காணலாம். பனிக்கட்டி ஏறக்குறைய எதையும் உறிஞ்சாது. ஆனால் அதன் விலகல் எண், அதாவது அலை அதற்குள் எத்தனை மடங்கு மெதுவாகும் என்பது, சுமார் 1.78 என்பதால் அலையைத் தாமதப்படுத்தும். தட்டையான படிகங்கள் பெரும்பாலும் படுத்தவாக்கில் மிதப்பதால், அலையின் கிடைமட்டக் கூறு செங்குத்துக் கூறைவிடச் சற்றுப் பின்தங்குகிறது. அதிரும் திசை சுழன்றுகொண்டே வரும் வட்ட முனைவாக்க அலையில் இந்தப் பின்தங்கல், அதாவது கட்ட வேறுபாடு, வெறும் 10 பாகை என்று வைத்துக்கொள்: இரு முனைவாக்கங்களுக்கும் இடையிலான பிரிவு சுமார் 21 டெசிபலுக்கு இறங்கிவிடும் (ஏறக்குறைய 130இல் ஒரு பங்கு ஆற்றல் எதிர்ப்பக்கம் கசியும்), முதன்மைச் சமிக்ஞையோ 0.03 டெசிபல்தான் இழக்கும். அதை உன் மீட்டர் எப்படிக் காட்டும்? அதே அதிர்வெண்ணில் எதிர் முனைவாக்கத்தைப் பயன்படுத்துபவருக்குத்தான் தொல்லை தெரியும்.

இடிமேகத்தில் இது இன்னும் விசித்திரமானது. மேகத்துக்குள் மின்புலம் வலுக்கும்போது மெல்லிய படிகங்கள் அதன் திசைக்கு ஏற்பச் சாய்ந்து வரிசைப்படுகின்றன. மின்னல் வெட்டியதும் புலம் சரிய, அவை பழைய நிலைக்குத் திரும்புகின்றன. வரைபடத்தில் கசிவு மெல்ல ஏறிவந்து, திடீரென்று படிபோல் ஒடிந்து விழும். சில வேளைகளில் மேல்நோக்கியும் துள்ளும். 1970களில் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளின் 30 கிகாஹெர்ட்ஸ் சமிக்ஞையை அளந்தவர்கள் இத்தகைய திடீர் மாற்றங்களைக் கண்டார்கள். நிமிடச் சராசரி எடுத்தால் அந்தப் படி கரைந்துபோகும் என்பதால், நொடிக்குப் பல அளவீடுகளாவது பதிவுசெய். சராசரி எடுத்தே பழகியவர்கள் இதைக் கருவிக்கோளாறு என்று தள்ளிவிடுவதுண்டு. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் தள்ளினேன்.

உனக்குத் தொல்லையாக இருப்பதையே அளவீடாக்கிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். 2018இல் ஏவப்பட்ட ஸ்பெயினின் பாஸ் செயற்கைக்கோள், வளிமண்டலத்தை ஊடுருவி வரும் ஜிபிஎஸ் அலைகளைக் கிடைமட்டம், செங்குத்து என இரு கூறுகளாகப் பெற்று, அவற்றின் கட்ட வேறுபாட்டிலிருந்து கனமழையையும் அதற்கு மேலுள்ள பனியையும் அறிய முயல்கிறது.

அடுத்த முறை கசிவு ஏறும்போது, முதன்மை வலுவையும் கசிவையும் ஒரே நேர அச்சில் வரைந்து, மின்னல் வெட்டிய நொடிகளையும் குறித்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா