கலெக்ஷனை அன்றைக்கே கட்டிவிட வேண்டும்

மதுரை,
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். பின்னால் குட்டி அழுவாள், குக்கர் விசில் அடிக்கும், மாப்பிள்ளை சாவியைத் தேடுவார். அதனால்தான் பேனாவை எடுத்தேன். ஒருநாள் ராத்திரி குட்டி தூங்கிய பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து படியுங்கள். மாப்பிள்ளைக்குத் தெரியக் கூடாதது இதில் எதுவும் இல்லை.

நீ அனுப்பிய லோன் ஸ்டேட்மென்ட்டை ஜெராக்ஸ் கடையில் பெரிய எழுத்தாகப் பிரிண்ட் எடுத்து மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பாக்கி 30 லட்சம். வட்டி 8.5 சதவீதம். தவணை மாதம் 26,035 ரூபாய். இன்னும் 20 வருஷம். "2021ல் வாங்கும்போதும் 20 வருஷம்தான் சொன்னாங்க. ஐந்து வருஷம் தவறாமல் கட்டியும் இன்னும் 20 வருஷம்னா என்னப்பா கணக்கு, ஏமாத்துறாங்களா?" என்று கேட்டாயே, அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

ஏமாற்றவில்லை. உன்னுடையது ஏறி இறங்கும் வட்டி. வங்கிகளுக்குக் கடன் கொடுக்க ரிசர்வ் வங்கி வாங்கும் வட்டிக்கு ரெப்போ வட்டி என்று பெயர். 2022 மே மாதத்தில் 4 சதவீதமாக இருந்த அதை ரிசர்வ் வங்கி 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆக்கியது. உன் வட்டியும் கூடவே ஏறியது. வங்கி தவணையை ஏற்றாமல் வருஷத்தை நீட்டிவிட்டது. மெசேஜ் வந்திருக்கும். நீ ஆபர் மெசேஜ் என்று நினைத்துத் தள்ளியிருப்பாய். 2025ல் வட்டி மறுபடி இறங்கியதால்தான் 20 வருஷத்தோடு நிற்கிறது. இனி வட்டி குறையும்போது தவணையைக் குறைத்துக்கொள்ளலாமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல். அதே தவணையைக் கட்டு, வருஷம் குறையட்டும்.

அந்தக் காகிதத்தில் பேனாவால் வட்டம் போட்ட இடம் ஒன்று உண்டு. 26,035 ரூபாயில் 21,250 ரூபாய் வட்டிக்குப் போகிறது. அசலில் கழிவது 4,785தான். அதைப் பார்த்ததும் எனக்கு 1998 ஞாபகம் வந்துவிட்டது.

நாம் இந்த வீட்டைக் கட்ட 1996ல் 1,20,000 ரூபாய் வாங்கினோம். அன்றைய வட்டி 15 சதவீதம், தவணை 1,680 ரூபாய், 15 வருஷம். நான் பெரியார் – திருமங்கலம் ரூட்டில் கண்டக்டர். பாண்டியன் ரோட்வேஸ் என்று சொன்ன காலம் அது. சம்பளம் தவணைக்கும் அரிசிக்கும் சரியாகிவிடும். டிக்கெட் வசூலைப் பார்த்துத் தினமும் தரும் கலெக்ஷன் பேட்டாதான் கையில் புரளும் காசு. திருமங்கலத்தில் இறங்கினால் ஒரு டீ, ஒரு வடை, திரும்பி வந்தால் இன்னொரு டீ என்று அது கரைந்துகொண்டிருந்தது. ஒருநாள் உன் அம்மா, "டீயை நான் பிளாஸ்க்கில் போட்டுத் தருகிறேன், பேட்டாவைக் கொண்டுவந்து கொடுங்கள்" என்றாள். ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட ஆரம்பித்தோம். இரண்டு வருஷம். எண்ணிப் பார்த்தால் 4,300 ரூபாய்.

அந்தப் பணம் எங்கே போனது தெரியுமா? உன் பெரியத்தை வீட்டுக் கல்யாணத்துக்கு மொய், அப்புறம் ஒரு மிக்ஸி, மிச்சம் உன் அண்ணன் காய்ச்சலுக்கு. எதுவும் வீண் செலவு இல்லை. ஆனால் இரண்டு வருஷம் டீ குடிக்காமல் இருந்ததற்குக் கடனில் ஒரு ரூபாய் குறையவில்லை. எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. மிக்ஸியோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தேன் என்று அம்மா சொல்வாள்.

அந்த வருஷம்தான் வங்கிக்குப் போனபோது கிளார்க் ஒருவர் லெட்ஜரைத் திருப்பிக் காட்டினார். முதல் மாதம் நான் கட்டிய 1,680ல் அசலுக்குப் போனது வெறும் 180 ரூபாய். "அண்ணே, மாசம் ஒரு 180 சேர்த்துக் கட்டுங்க, ஒரே மாசத்துல ரெண்டு மாச அசல் கழியும்" என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். ஒரு ஸ்டேஜில் டிக்கெட் கிழிக்கவே மறந்துவிட்டேன்.

அன்றைக்குத்தான் புத்தி வந்தது. டிப்போவில் என்ன வழக்கம்? ராத்திரி பத்தரை மணி ஆனாலும் டிக்கெட் கணக்கு எழுதும் இன்வாய்ஸை முடித்து, சில்லறை எண்ணி, கலெக்ஷனைக் கட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகலாம். "நாளைக்குச் சேர்த்துக் கட்டுகிறேன்" என்ற பேச்சே கிடையாது. கையில் ஒரு ராத்திரி தங்கினால் காசுக்குக் கால் முளைத்துவிடும் என்று எல்லா டிப்போவிலும் தெரியும். போக்குவரத்துக் கழகத்துப் பணத்தில் இத்தனை ஒழுங்காக இருந்தவன் சொந்தப் பணத்தைப் பாட்டிலில் போட்டு வைத்திருந்தேன். அதற்குப் பிறகு மாதம் 5ஆம் தேதி பாட்டிலைக் கவிழ்த்து, இருக்கிறது எதுவோ அதைச் சலானில் எழுதிக் கட்டிவிடுவேன். சில மாதம் 120, சில மாதம் 300. போனஸ் வந்தால் அதில் பாதி. 2011ல் முடிய வேண்டிய கடன் 2006ல் முடிந்தது.

உன் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். மாதம் 2,000 ரூபாய் சேர்த்துக் கட்டினால் வட்டி இப்படியே இருக்கும் பட்சத்தில் 240 மாதம் 201 ஆகிறது. மூன்று வருஷம் மூன்று மாதம் முன்னால் முடிகிறது, ஆறு லட்சம் ரூபாய்க்கு மேல் மிச்சம். நம்பாமல் இரண்டு தடவை போட்டேன். உன் அண்ணன் கம்ப்யூட்டரில் போட்டும் அதேதான் வந்தது.

2,000 எங்கிருந்து வரும் என்றுதானே கேட்பாய். உன் வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு வந்தவன் நான். கண்ணை மூடிக்கொண்டா இருந்தேன்?

முதலில் கரண்ட். போன பில் 540 யூனிட் என்று மாப்பிள்ளை சொன்னார். இரண்டு மாதக் கணக்கில் 500ஐத் தாண்டினாலே 101லிருந்து 200 வரைக்கான சலுகை விலை போய்விடும். ஒரே ஒரு யூனிட் தாண்டினாலும் 200 ரூபாய்க்கு மேல் கூடும். அதற்கு மேலே ஒவ்வொரு யூனிட்டுக்கும் எட்டு ரூபாய்க்கு மேல். ஆக நீங்கள் குறைக்க வேண்டியது அந்தக் கடைசி 40 யூனிட்தான். ஹாலிலும் பெட்ரூமிலும் ஓடுவது பழைய 75 வாட்ஸ் ஃபேன். பிஎல்டிசி ஃபேன் 30 வாட்ஸில் ஓடும். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனுக்கு இரண்டு மாதத்தில் 40 யூனிட் குறையும். இரண்டு ஃபேன் மாற்றினால் 80 யூனிட், பில்லில் 800 ரூபாய் பக்கம். ஃபேன் போட்ட காசு ஒரு வருஷம், ஒன்றரை வருஷத்தில் திரும்பிவிடும். ஏசியை 18ல் வைத்துப் போர்வையைப் போர்த்திக்கொள்வதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. 24ல் வைத்தால் போர்வையும் வேண்டாம் என்று மட்டும் சொல்கிறேன். பில் தேதிக்குப் பத்து நாள் முன்னால் மீட்டரை ஒரு தடவை பார். 450ஐத் தொட்டிருந்தால் இஸ்திரியையும் ஏசியையும் கொஞ்சம் அடக்கிக்கொள்ளலாம்.

அடுத்து சாப்பாடு. பத்து நாளில் ஆறு நாள் பைக்கில் ஹோட்டல் சாப்பாட்டுப் பை வந்தது. வேலை முடிந்து களைத்து வருகிறீர்கள், தெரியும், குறை சொல்லவில்லை. ஆனால் அதில் இரண்டு நாள் வந்தது இட்லியும் தோசையும்! ஞாயிற்றுக்கிழமை மாவு அரைத்து வைத்தால் புதன் வரை ஓடும். உன் ரேஷன் கார்டில் புழுங்கல் அரிசி இலவசம், இட்லிக்கு அதுதான் நன்றாக இருக்கும். நம் வீட்டில் வருஷக்கணக்காக அதில்தான் இட்லி, நீ இரண்டு இட்லி கூடத்தான் சாப்பிட்டாய். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். கியூவில் நிற்க வெட்கமாக இருந்தால் மாப்பிள்ளையை அனுப்பு, அவருக்கு அதெல்லாம் கிடையாது.

மற்றதெல்லாம் சில்லறை. படம் பார்க்கக் கட்டும் மூன்று சந்தாவில் எதைப் பார்க்கிறீர்களோ அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை போர்டு பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஸ்டேஷன் வரைக்கும் ஆட்டோ எதற்கு? இதைக் கண்டக்டர் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

இப்போது உனக்குப் பிடிக்காத விஷயத்துக்கு வருகிறேன். ஃபிரிட்ஜும் குட்டி பிறந்தநாளும் கிரெடிட் கார்டில் போனது, 48,000 நிற்கிறது, "மினிமம் கட்டிட்டுத்தாம்பா இருக்கேன்" என்றாய். பாப்பா, அந்தக் கார்டுக்கு மாதம் 3.5 சதவீதம். வருஷத்துக்கு 42. 48,000க்கு மாத வட்டி 1,680 ரூபாய். அந்த எண்ணைப் பார்த்ததும் நான் கொஞ்ச நேரம் எழுந்து வெளியே போய்விட்டேன். 1996ல் இந்த முழு வீட்டுக்கும் நான் கட்டிய தவணை அது. வட்டிக்கு மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு. ஆக 1,980 ரூபாய்க்கு மேல். ஃபேனை மாற்றி, மாவு அரைத்து, பஸ்ஸில் போய் நீ மிச்சம் பிடிக்கும் 2,000 ரூபாயை அந்தக் கார்டு அப்படியே விழுங்கிவிடும். வீட்டுக் கடன் காத்திருக்கட்டும். முதலில் கார்டு.

கார்டு முடிந்த பிறகு வீட்டுக் கடன். ஏறி இறங்கும் வட்டியில் தனி ஆள் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டினால் அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012லேயே சொல்லிவிட்டது. அதனால் பயப்படாதே. கட்டும்போது இது அசலில் கழிய வேண்டிய பணம் என்று குறிப்பிட்டுக் கட்டு. சும்மா கணக்கில் போட்டால் அடுத்த தவணைக்கான முன்பணம் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். வருஷத்தைக் குறைக்கவா, தவணையைக் குறைக்கவா என்று கேட்பார்கள். வருஷம் என்று சொல். மறுமாதம் ஸ்டேட்மென்ட்டில் அசல் குறைந்திருக்கிறதா என்று பார். குறைந்தது இவ்வளவு கட்ட வேண்டும் என்று உங்கள் வங்கி சொன்னால் மாதாமாதம் பணம் போடும் சேமிப்பான ஆர்டி ஒன்று போட்டு, சம்பளம் வரும் நாளிலேயே 2,000 அதில் போகிற மாதிரி வை. சம்பளக் கணக்கில் மட்டும் விட்டுவைக்காதே, அது ஹார்லிக்ஸ் பாட்டில்.

எதைக் குறைக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளையின் இன்சூரன்ஸ், மருத்துவக் காப்பீடு, கையிருப்பாக மூன்று மாதச் செலவுக்கான பணம். இதில் கை வைத்துக் கடன் கட்டாதே.

இன்னொன்று உண்டு. உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. எட்டாம் வகுப்பில் கொடைக்கானல் டூருக்கு 175 ரூபாய் கேட்டாய். அந்த மாதம் பாட்டிலில் 190 இருந்தது. தர மாட்டேன் என்றேன். நீ அழவில்லை, ஸ்கூல் பையைத் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போனாய். அந்தப் பணத்தை 5ஆம் தேதி வங்கியில் கட்டினேன். 1,680 ரூபாய் தவணையில் 175 ரூபாய் மூன்று நாள் கணக்குக்குத்தான் வரும். கடன் முடிந்த அன்று எனக்கு முதலில் வந்த ஞாபகம் அந்தப் பைதான். குட்டி ஏதாவது கேட்டால் எல்லாவற்றுக்கும் கணக்குப் பார்க்காதே.

சரி. அம்மாவும் நானும் பேசிவிட்டோம். அவளுடைய தபால் ஆபீஸ் ஆர்டி இந்தப் புதன்கிழமை முடிகிறது. 48,000 ரூபாயை வியாழக்கிழமை உன் கணக்குக்கு அனுப்புகிறேன். அன்றைக்கே கார்டைக் கட்டு, ராத்திரி ஆனாலும் பரவாயில்லை, ரசீதைப் படம் எடுத்து அனுப்பு. இது சும்மா தருவது இல்லை. மாதம் 4,000 வீதம் 12 மாதத்தில் திருப்பித் தர வேண்டும், வட்டி கிடையாது. மாப்பிள்ளை வேண்டாம் என்று கூச்சப்படுவார். அவரிடம் இது அம்மாவின் பணம், அவளிடமே பேசிக்கொள்ளுங்கள் என்று சொல், அடங்கிவிடுவார்.

எதிர்வீட்டுத் தம்பி சனிக்கிழமை சென்னைக்கு வருகிறான். அவனிடம் மோர் மிளகாயும் வடகமும் கொடுத்தனுப்புகிறோம். எவர்சில்வர் டப்பா. போன தடவை போனதும் இன்னும் வரவில்லையாம், இரண்டையும் சேர்த்துக் கொண்டுவரச் சொல்கிறாள் உன் அம்மா.

அன்புடன்,
அப்பா