தேவலோகம்தான், தெருவிளக்கு மட்டும் எரியவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பயணச் சிறப்பிதழில் மெக்ஸிகோவின் சப்பாலா ஏரிக்கரை ஊர்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஏரி, மலை, கல் பாவிய தெரு, கரையோர நடைபாதை எல்லாவற்றையும் கட்டுரையாளர் நன்றாகவே எழுதியிருக்கிறார். ஆனால் கடைசிக்கு முந்தின பத்தியில், கிறிஸ்துமஸ் சமயத்தில் இந்த ஊர்களை நகராட்சிகள் எப்படித் தேவலோகமாக்குகின்றன என்பதை நம்மூர் அதிகாரிகள் வந்து பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒரு வரி போட்டிருக்கிறார் பாருங்கள், அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை.

நான் அந்தத் தேவலோகத்தில்தான் குடியிருக்கிறேன். கணவர் பக்கத்துப் பெருநகரமான குவாடலஹாராவுக்குக் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவர்; வேலை முடிந்த பிறகும் கிளம்ப மனம் வராமல் ஏரியோரம் சின்னதாக ஒரு வீடு வாங்கிவிட்டோம். எந்த ஊர் என்று சொல்வதாக இல்லை. வெளிநாட்டவர் இந்நாட்டு அரசியலில் எவ்வகையிலும் தலையிடக்கூடாது என்று இங்குள்ள அரசியல் சட்டத்தின் 33ஆவது பிரிவு சொல்கிறது. தெருவிளக்கு ஏன் எரியவில்லை என்று கேட்பது அரசியலில் சேருமா என்பது தெரியவில்லை. ஆனால் அதை நான் மறுபடியும் கேட்கப் போனபோது, நகராட்சி ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் பதில் சொல்வதை விட்டுவிட்டு என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சரி, இங்கே கேட்க முடியாததைத் தங்களிடமாவது கேட்டுவைப்போம் என்றுதான் இந்தக் கடிதம். தமிழில் எழுதினால் அவர்களுக்கு எங்கே புரியப்போகிறது.

எங்கள் வீட்டு முனையில் ஒரு கம்பம் இருக்கிறது. மழைக்காலத்தில் அணைந்த விளக்கு அணைந்ததுதான். கீழே உருண்டைக் கற்கள் பதித்த தெரு; பகலிலேயே கணுக்கால் பிசகும், இருட்டில் கேட்க வேண்டாம். டிசம்பர் தொடக்கத்தில் ஏணியோடு நகராட்சி வண்டி வந்து நின்றதும் எனக்கு ஒரே சந்தோஷம். மேலே ஏறிய பையன் ஆளுயரப் பிளாஸ்டிக் பூ ஒன்றைக் கம்பத்தோடு சேர்த்து நைலான் வாரால் இறுக்கிக் கட்டினான். அதைச் சுற்றிச் சீரியல் விளக்கு. அதே கம்பத்திலிருந்தே ஒயரை இழுத்துக் கொடுத்தான், பளிச்சென்று எரிந்தது. அப்படியே அந்தப் பல்பையும் மாற்றிவிடு தம்பி என்றேன். அது வேறு இலாகா அம்மா என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டான். பூவுக்குக் கரண்ட் வருகிறது, விளக்குக்கு வரவில்லை. இதை நம்மூர் அதிகாரிகள் வந்து கற்றுக்கொள்ள வேண்டுமாம். அவர்களுக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரியும் ஐயா.

பூ என்றதும் ஞாபகம் வருகிறது. கட்டுரையோடு போட்டிருந்த படத்தின் கீழ், ஐரோப்பாவிலிருந்து வந்த கிறிஸ்துமஸ் மலர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சிவப்புப் பூவுக்கு இங்கே நோச்செபுவேனா என்று பெயர், பிறந்த மண்ணே மெக்ஸிகோதான். ஸ்பானியர்கள் வருவதற்கு முன்பே அஸ்டெக் மக்கள் அதை வளர்த்தார்கள். மெக்ஸிகோவுக்கு முதல் அமெரிக்கத் தூதராக வந்த பாயின்செட் என்பவர் அதைத் தம் நாட்டுக்குக் கொண்டுபோனார். அமெரிக்காவில் இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். டிசம்பரில் எங்கள் சந்தைக்குள் நுழைந்தால் இரண்டு பக்கமும் அந்தத் தொட்டிகள்தான். உயிருள்ள செடி அங்கே விற்காமல் கிடக்க, நகராட்சி பிளாஸ்டிக்கில் வாங்கிக் கம்பத்தில் கட்டுகிறது. தாங்கள் அதைப் படமெடுத்து ஐரோப்பாவுக்குத் தானம் பண்ணிவிட்டீர்கள்.

நகராட்சி இறங்கி அலங்கரிக்காவிட்டால் இவர்களுக்குப் பண்டிகையே கொண்டாடத் தெரியாது என்ற தொனி அந்தக் கட்டுரை முழுக்க இருக்கிறது. டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது இரவு இங்கே போசாதா நடக்கும். மரியாளும் சூசையப்பரும் தங்க இடம் கேட்டு அலைந்ததை நினைத்து, தெருக்காரர்கள் பாடிக்கொண்டே வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி கார்த்திகை மாதமே மைதாப் பசை காய்ச்சிவிடுவார் (நம் கணக்கில் கார்த்திகை). மண்பானை மேல் பழைய செய்தித்தாளை அடுக்கடுக்காக ஒட்டி, காயவைத்து, ஏழு கூம்பு வைத்து, மேலே வண்ணக் காகிதத்தைக் கத்தரித்துச் சுருள் சுருளாகப் பதிப்பார். பின்யாத்தா தயார். கடைசியில் பிள்ளைகள் கண்ணைக் கட்டிக்கொண்டு அதை அடித்து உடைப்பார்கள், உள்ளேயிருந்து நிலக்கடலையும் ஆரஞ்சும் கொட்டும். ஏறக்குறைய நம் உறியடி. எதிரெதிர் வீட்டு மாடிகளுக்கு இடையே துளைவெட்டுக் காகிதத் தோரணம், ஓர் அண்டாவில் கொய்யாவும் கரும்பும் தேஹோகோத்தேப் பழமும் கொதிக்கும் பானம். நகராட்சிக்கு ஒரு பெசோ செலவில்லை.

இந்த முறை என்ன ஆயிற்று தெரியுமா? பின்யாத்தாவுக்குக் கயிறு கட்டும் முனையில் நகராட்சியின் அலங்கார வளைவு வந்து உட்கார்ந்துவிட்டது. வார இறுதியில் குவாடலஹாராவிலிருந்து வரும் கூட்டம் வரிசையில் நின்று அதன் கீழ் படம் எடுக்கிறது. பிள்ளைகளைத் தள்ளிப் போய் விளையாடச் சொன்னார் ஒரு காவலர். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை, பானையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

இதற்கெல்லாம் மூலம் எங்கே இருக்கிறது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. மெக்ஸிகோ அரசு 2001இல் புவெப்ளோ மாஹிகோ என்று, அதாவது மாய ஊர் என்று, ஊர்களுக்குப் பட்டம் கொடுக்கத் தொடங்கியது. 2020இல் 132 ஆக இருந்தவை 2023இல் 177 ஆகிவிட்டன. எங்கள் கரையில் அஹிஹிக் என்ற ஊருக்கு 2020இல் அந்தப் பட்டம் கிடைத்தது. அப்புறம் எங்கள் ஊருக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. சதுக்கத்தில் ஊர்ப் பெயரை ஆளுயர வண்ண எழுத்துகளில் நிறுத்தினார்கள். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தேர்தல். புது நிர்வாகம் வந்ததும் பெஞ்சுக்கும் கைப்பிடிச் சுவருக்கும் அவர்கள் கட்சி நிறம். எங்கள் சதுக்கத்து பெஞ்சைச் சுரண்டினால் எந்த வருஷம் யார் ஆண்டார்கள் என்று வரிசையாகச் சொல்லிவிடலாம்.

ஏரியைப் பற்றித் தங்கள் கட்டுரையாளருக்கு நீலம் என்ற ஒரு சொல் போதுமாக இருக்கிறது. சுமார் 1,100 சதுர கிலோமீட்டர், மெக்ஸிகோவிலேயே பெரிய ஏரி, ஆனால் ஆழம் குறைவு. குவாடலஹாரா நகரம் குடிக்கும் தண்ணீரில் ஏறக்குறைய 60 சதவீதம் இதிலிருந்துதான் போகிறது. லெர்மா ஆறு வழியில் எத்தனையோ ஆலைகளையும் வயல்களையும் கடந்து, எல்லாவற்றையும் சுமந்துகொண்டு இங்கே வந்து சேர்கிறது. 2002இல் தண்ணீர் எவ்வளவு தூரம் உள்வாங்கிப் போனது என்று கரைவாசிகள் இன்றும் கையை நீட்டிக் காட்டுவார்கள். 2024 கோடையிலும் கொள்ளளவில் 40 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டது. ஆகாயத்தாமரை கரையை மூடும்போது அதை வாரி அள்ள ஆளில்லை, நடைபாதைக் கைப்பிடியில் நட்சத்திரம் கட்ட மட்டும் ஆள் இருக்கிறது.

இதே ஏரியின் வடகிழக்குக் கரையில், போன்சிட்லான் பகுதியில், சான் பெத்ரோ இட்ஸிகான், ஆக்வா காலியெந்தே என்று ஊர்கள் இருக்கின்றன. அங்கே சிறுநீரக நோய் குழந்தைகளைக்கூட விட்டுவைக்கவில்லை. குவாடலஹாரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல வருஷமாக ஆராய்ந்து வருகிறார்கள். தண்ணீரா, பூச்சிமருந்தா, வறுமையா, எல்லாம் சேர்ந்ததா என்று இன்னும் விவாதிக்கிறார்கள். எங்கள் கரைக்கு வந்த தங்கள் கட்டுரையாளர் காரில் கொஞ்ச நேரம் போயிருந்தால் போதும், அதையும் பார்த்திருக்கலாம். அங்கே படம் எடுக்க அலங்கார வளைவு இல்லை என்பது வாஸ்தவம்தான்.

ஜனவரியில் வீட்டுவரி கட்டப் போவேன். முதலிலேயே கட்டினால் தள்ளுபடி உண்டு என்பதால் வரிசை வாசலைத் தாண்டித் தெருவரை நிற்கும். முன்னால் நிற்பவர்களில் பாதிப் பேர் அந்தப் பாட்டி வயதுக்காரர்கள். இந்தப் பணத்தில் எத்தனை பெசோ பூவுக்குப் போயிற்று என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை. கேட்டாலும் அது வேறு இலாகாவாகத்தான் இருக்கும்.

தங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த இதழில் அந்தப் படக்குறிப்பைத் திருத்திப் போடுங்கள். நோச்செபுவேனா மெக்ஸிகோவின் பூ. முடிந்தால், படத்தில் இருப்பது பிளாஸ்டிக் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர் ஒருவர்,
சப்பாலா ஏரிக்கரை, ஹலிஸ்கோ, மெக்ஸிகோ.

பி.கு.: முன்பொரு முறை என் கடிதத்தில் பாதியை வெட்டி, பாராட்டை மட்டும் பிரசுரித்தீர்கள். இதையும் வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் பின்யாத்தாவை வெட்டுங்கள், போன்சிட்லானை விட்டுவிடுங்கள்.